பேக்ராஃப்ட் வாங்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

என் இரண்டு மாதச் சம்பளம் போய்விட்டது. "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது" என்ற கடைசிச் செய்தி நேற்று ராத்திரி வந்தது. பதில் எழுதும் பெட்டியையும் மூடிவிட்டார்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு நாளைக்கே இன்னொரு கடை திறக்க அவர்களுக்கு ஐந்து நிமிடம் போதும். என்ன மாதிரி இடம் என்று மட்டும் சொல்கிறேன்: யார் வேண்டுமானாலும் கடை போடக்கூடிய ஒரு பெரிய ஆன்லைன் விற்பனைத் தளம், அதற்குள் மலையேற்றச் சாமான்கள் மட்டும் விற்கும் ஒரு சின்னக் கடை. எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

பேக்ராஃப்ட் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். அது காற்றடிக்கும் ஒரு குட்டிப் படகு. சுருட்டி முதுகுப்பையில் வைத்துக்கொண்டு நடக்கலாம். ஆறோ ஏரியோ குறுக்கே வந்தால் காற்றடித்து ஏறிக் கடக்கலாம். அக்கரை போனதும் காற்றை இறக்கிச் சுருட்டிவிட்டு மறுபடி நடக்கலாம். ஒருவர் உட்காரும் படகு பெரும்பாலும் 2 முதல் 4 கிலோவுக்குள் இருக்கும். பம்பு கூட வேண்டாம். ஒரு மெல்லிய நைலான் பையில் காற்றைப் பிடித்து, பையின் வாயை முறுக்கி, அமுக்கி அமுக்கி உள்ளே தள்ளுவோம். கடைசியில் வாயால் ஊதி இறுக்குவோம். துடுப்பு நான்கு துண்டாகக் கழன்று பைக்குள் போய்விடும். நல்ல படகின் துணி நைலான், அதன்மேல் டிபியு என்ற நெகிழும் பிளாஸ்டிக் பூச்சு. மெல்லியது, ஆனால் பாறையில் உரசினாலும் தாங்கும். துண்டுகளைச் சூட்டில் உருக்கி ஒன்றோடொன்று இணைத்திருப்பார்கள், இதைத்தான் வெல்டிங் என்பார்கள். அந்தத் துணிக்கும் அந்த இணைப்புக்கும்தான் இவ்வளவு விலை. நான் கொடுத்த இரண்டு மாதச் சம்பளமும் அந்த இரண்டுக்காகத்தான்.

விற்பனைப் பக்கத்தில் இரண்டும் கொட்டை எழுத்தில் இருந்தன. 210 டெனியர் (நூலின் தடிமன் அளவு) நைலான், டிபியு பூச்சு, தரைக்கு 420 டெனியர், வெல்டிங் செய்த இணைப்புகள், எடை 2.4 கிலோ. படங்கள் எல்லாம் அழகு. அப்படியும் நான் உடனே வாங்கவில்லை. சாட்டில் கேள்வி கேட்டேன். அங்கேதான் அந்தக் கடைக்காரர் என்னைப் பிடித்தார்.

குளிர்ந்த நீரில் படகு தளர்ந்துபோகுமா என்று கேட்டேன். கடைக்காரர்கள் வழக்கமாகச் சொல்வதுபோல "ஒன்றும் ஆகாது" என்று சொல்லியிருந்தால் அப்போதே விலகியிருப்பேன். அவர் எழுதியது இது: "தளரும் நண்பரே. உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். கரையில் காற்றடித்ததும் படகை நீரில் கொஞ்ச நேரம் போட்டு வையுங்கள், அப்புறம் வாயால் ஊதி இறுக்குங்கள். நீரிலிருந்து எடுத்து வெயிலில் வைத்தால் கொஞ்சம் காற்றைத் திறந்துவிடுங்கள்." ஒவ்வொரு வார்த்தையும் சரி. ஆற்றில் இறங்கிப் பழகியவர்கள் சொல்வது இதைத்தான்.

அதோடு விடவில்லை. 1840களில் பீட்டர் ஹால்கெட் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி, மேலங்கியாகப் போட்டுக்கொள்ளவும் காற்றடித்துப் படகாக்கவும் முடிகிற ரப்பர் துணி ஒன்றைச் செய்த கதையைச் சொன்னார். ஜான் ரே என்ற ஆய்வுப் பயணி தன் ஆர்க்டிக் பயணத்துக்கு ஹால்கெட்டின் படகை எடுத்துப்போன கதை. 1982இல் அலாஸ்காவில் ஹோப் என்ற ஊரிலிருந்து ஹோமர் வரை நடந்த காட்டுவழிப் பந்தயத்தில், 50 வயதைத் தாண்டிய டிக் கிரிஃபித், பைக்குள்ளிருந்து ஒரு குட்டிப் படகை எடுத்து ஊதி ஆற்றைக் கடந்து மற்றவர்களை வாயடைக்க வைத்த கதை. இதெல்லாம் நிஜமாக நடந்தவை. நான் பல காலமாக ஆசையோடு படித்தவை. அடுத்து இதை எழுதினார்: "இதே படகைத்தான் என் மகளுக்கும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன் நண்பரே. அவளோடு நானும் ஆறு இறங்குகிறேன்."

அந்த வரியைப் படித்ததும் பணத்தைக் கட்டினேன். மகளை உட்கார வைக்கும் படகு என்று ஒருவர் சொன்னால் அதற்குமேல் என்ன கேட்பது? வரலாறு உண்மை, குளிர்நீர் பற்றிய பாடம் உண்மை. படகைப் பற்றிச் சொன்னது மட்டும் பொய்.

பார்சலைப் பிரித்ததும் முகத்தில் அடித்தது வாடை. புது மழைக்கோட்டைப் பிரித்தால் வருமே, அந்த நெடி. டிபியு துணியில் இந்த அளவுக்கு வாடை வராது. கையில் தூக்கியபோதே கனம் தெரிந்தது. தராசில் தொங்கவிட்டேன், துடுப்பு இல்லாமல், ஊதும் பை இல்லாமல், வெறும் படகு மட்டும் 3.6 கிலோ. ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம். முதுகில் சுமக்கப்போகிறவனுக்கு ஒரு கிலோ என்றால் என்னவென்று மலையேறுகிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. படம் எடுத்து அனுப்பினேன். "தயாரிப்பில் சிறு மாறுபாடு இயல்பு, வாடை இரண்டு நாளில் போய்விடும்" என்று பதில் வந்தது. "நண்பரே" காணாமல் போய் "அன்பான வாடிக்கையாளரே" ஆகியிருந்தது.

அப்புறம் ஏரி.

செய்ய வேண்டியதை எல்லாம் செய்தேன். கரையில் காற்றடித்து, நீரில் போட்டு வைத்து, தளர்ந்ததும் வாயால் ஊதி இறுக்கி, பையை முன்பக்கம் கட்டி, லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு இறங்கினேன். ஏரியின் நடுவில் முழங்கால் மேலே எழும்பத் தொடங்கியது. உட்காரும் இடம் பள்ளமாகிறது, முன்பக்கம் பையின் கனத்தில் நீரை நோக்கித் தாழ்கிறது. துடுப்பை ஒரு பக்கம் போட்டால் படகு நகராமல் மடிகிறது. பெரும்பாலான பேக்ராஃப்டுகளில் முக்கியமான காற்றறை ஒன்றே ஒன்றுதான். அதில் கசிந்தால் தாங்க வேறு அறை இல்லை. காற்று வேறு எதிரே வீசியது. இவ்வளவு லேசான படகை அது தள்ளும் வேகம் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு கையால் வால்வைத் திறந்து ஊதுவதும் மறுபடி துடுப்புப் போடுவதுமாகக் கரை சேர்ந்தபோது இடுப்புவரை நீருக்குள் இருந்தேன். கடுங்குளிர் நீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சே நம் கட்டுப்பாட்டில் இருக்காது. அதற்குப் பிறகு பத்து நிமிடம்போலத்தான் விரல்கள் வேலை செய்யும். அதற்குள் கரையேறிவிட வேண்டும். அன்று ஏரி என்பதால் தப்பினேன். பாறையும் சுழலும் உள்ள ஆற்றில் அந்தப் படகு மடிந்திருந்தால்? இதே படகில் வேறு யாராவது இன்று இறங்கிக்கொண்டிருந்தால்? இரவில் தூக்கம் வராமல் இதைத்தான் நினைக்கிறேன்.

வீடு வந்து எழுதினேன். வந்த பதிலைப் பாருங்கள்: "குளிர்ந்த நீரில் காற்று சுருங்கும். இது இயற்கை. வாங்கும் முன்பே உங்களுக்கு இதை விளக்கியிருக்கிறோம்."

எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தையே கேடயமாகப் பிடித்துவிட்டார்கள். இதில் உள்ள அயோக்கியத்தனம் எல்லோருக்கும் புரிய வேண்டும் என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். வெளியே 30 டிகிரி, நீர் 10 டிகிரி என்றால் உள்ளே அடைத்த காற்று கிட்டத்தட்ட ஆறேழு சதவீதம் சுருங்கும். பேக்ராஃப்டுக்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கொஞ்சம்தான் கூடுதல், அதனால் அந்தச் சுருக்கமே படகைத் தளர்த்திவிடும். ஆனால் காற்று நீரின் குளிருக்கு வந்தவுடன் சுருக்கம் நின்றுவிடும். மறுபடி ஊதி இறுக்கினால் இறுக்கம் அப்படியே இருக்கும். கசிவு நிற்காது. எத்தனை முறை ஊதினாலும் மறுபடி மறுபடி தளரும். இந்த வித்தியாசம் அந்த ஆளுக்குத் தெரியாதா? என்னைவிட நன்றாகத் தெரியும்.

அறைக்குள் படகை இறுக ஊதி வைத்தேன். குளிரும் இல்லை, வெயிலும் இல்லை. காலையில் தரையோடு தரையாகக் கிடந்தது. சோப்பு நீரைத் தடவினேன். படகின் தரையும் அதைச் சுற்றியுள்ள காற்றுக் குழாயும் சேரும் ஓரம் முழுக்கக் குமிழி. ஓட்டை விழவில்லை, இணைப்பே பிரிகிறது. ஓரத்தில் காய்ந்த பசை மஞ்சளாகத் தெரிந்தது, நகத்தால் நெருடினால் உரிந்து வந்தது. வெல்டிங் என்ற வார்த்தைக்கு அந்தப் படகில் இடமே இல்லை.

வீடியோ அனுப்பினேன். தெளிவாக இல்லை, வேறு எடுங்கள் என்றார்கள். எடுத்தேன். ஆர்டர் எண் படத்தில் தெரிய வேண்டும் என்றார்கள். தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்து எடுத்தேன். பிறகு மூன்று நாள் சத்தமில்லை. அதன்பின், பழுது பார்க்கும் பெட்டி ஒன்றை இலவசமாக அனுப்புகிறோம் என்றார்கள். வந்தது. அதில் இருந்த ஒட்டுத்துண்டும் பசையும் பிவிசிக்கானவை, பசைக் குழாயின்மேலேயே அச்சிட்டிருக்கிறது. சாதாரண பிவிசி பசை டிபியு துணியில் சரியாகப் பிடிக்காது, இரண்டுக்கும் வேறு வேறு பசை. அதாவது படகு பிவிசி என்பது அவர்களுக்கு முதலிலிருந்தே தெரியும்! பிவிசியில் படகு செய்வது குற்றமில்லை. கனமானது, குளிரில் விறைக்கும், மடிப்பில் சீக்கிரம் வெடிக்கும், ஆனால் மலிவு. பிவிசி என்று சொல்லி அந்த விலைக்கு விற்றிருந்தால் எனக்கு ஒரு புகாரும் இல்லை. இரண்டு மாதச் சம்பளம் வாங்கியது டிபியு என்று சொல்லி.

அந்தப் பசைக் குழாயின் படத்தோடு தளத்தின் கஸ்டமர் கேருக்குப் போனேன். இனி பேச வேண்டியது கடையோடு இல்லை, தளத்தோடு என்று நினைத்தேன். "விற்பனையாளரைத் தொடர்புகொள்ளுங்கள்" என்றார்கள். விற்பனையாளரோ "தளத்தில் புகார் கொடுங்கள்" என்றார். ஒவ்வொரு முறையும் புது ஆள், ஒவ்வொரு முறையும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னது இன்னும் காதில் எரிகிறது: "பொருள் நீரில் பயன்படுத்தப்பட்டுள்ளதால் ரிட்டர்ன் ஏற்க இயலாது." படகு! நீரில் போடாமல் எங்கே போடுவது? இன்னொருவர் ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டது என்றார். வீடியோ அனுப்பு, மறுபடி அனுப்பு, பெட்டி வரும் என்று இழுத்தடித்தது எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது. கடைசியாக, "நல்லெண்ண அடிப்படையில்" பத்தில் ஒரு பங்குக்குக் கூப்பன். அதே கடையில் செலவழிக்க வேண்டுமாம். மறுத்தேன். மறுத்ததால் புகாரை முடித்துவிட்டார்கள். நட்சத்திரம் ஒன்று போட்டு விமர்சனம் எழுதினேன், அதையும் தூக்கிவிட்டார்கள். அந்த விற்பனைப் பக்கம் இன்னும் இருக்கிறது. வெல்டிங் என்ற வார்த்தையும் இருக்கிறது.

இரண்டு மாதச் சம்பளம். எதையெல்லாம் தள்ளிப்போட்டுச் சேர்த்தது என்று எழுத உட்கார்ந்தால் இந்தப் பதிவு முடியாது.

விவரமாகச் சொல்வதாகச் சொன்னேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை, மனதில் வருவதைச் சொல்கிறேன். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள், தராசில் வைப்பதையும் சேர்த்து. எழுதிய எடைக்கும் வந்த எடைக்கும் அரை கிலோவுக்குமேல் வித்தியாசம் இருந்தால் ஊதிக்கூடப் பார்க்க வேண்டாம், திருப்பி அனுப்புங்கள். நீரைத் தொடும் முன், அறைக்குள் ஒரு ராத்திரி ஊதி வைத்துப் பாருங்கள், ஓரங்களில் சோப்பு நீர் தடவுங்கள். இணைப்பின் ஓரத்தில் காய்ந்த பசை தெரிந்தால் அது வெல்டிங் இல்லை. வாங்கும் முன்பே, பழுது பார்க்க எந்தப் பசை வேண்டும் என்று கேளுங்கள், துணி என்ன என்பது அந்தப் பதிலில் வெளியே வந்துவிடும். ரிட்டர்ன் கடைசித் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, அவர்கள் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அதற்கு முன்பே ரிட்டர்ன் பொத்தானை அழுத்திவிடுங்கள், பேச்சுவார்த்தை அப்புறம். தளத்தின் சாட்டைத் தாண்டி வேறு எங்கும் பேசாதீர்கள். எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் உடனே போங்கள். நான் நாளைக் காலை போகிறேன். ஏற்கனவே அந்த மாதிரிப் படகு வாங்கி, வாடையும் கனமும் சேர்ந்து வந்திருந்தால், தயவுசெய்து அதை எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்காதீர்கள்.