துத்தநாகம்–கோபால்ட் ஜிஃப்: சேர்த்து வளர்ப்பதா, வளர்த்தபின் மாற்றுவதா?

ஜிஃப் (ZIF) என்பது உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகள் இணைத்து உருவாக்கும் நுண்துளைப் படிகம். ஜிஃப்-8-இல் துத்தநாகம், ஜிஃப்-67-இல் கோபால்ட். இணைப்பான் (இணைக்கும் கரிம மூலக்கூறு) இரண்டிலும் 2-மெத்தில்இமிடசோல்தான், படிக அமைப்பும் ஒன்றே. இரு உலோகங்களையும் ஒரே படிகத்தில் சேர்க்க, உப்புகளை முதலிலேயே கலந்து வளர்க்கலாம். வளர்ந்த ஜிஃப்-8-ஐ கோபால்ட் கரைசலில் ஊறவைத்து அயனியை மாற்றவும் செய்யலாம். செலவிலும் கருவிகளிலும் பெரிய வித்தியாசமில்லை. ஒற்றை அணு வினையூக்கிதான் (உலோக அணுக்கள் திரளாமல் தனித்தனியே நிற்கும் வினையூக்கி) நோக்கம் என்றால் என் தேர்வு முதல் வழி.

காரணம், படிகத்தை உலையில் சுட்டுக் கார்பனாக்கும்போது தெரியும். துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகும். அதுவரை கோபால்ட் அணுக்களுக்கு நடுவே அது வேலியாக நின்றிருந்தால், நைட்ரஜன் கலந்த கார்பனில் அவை தனித்தனியே தங்கும். ஊறவைத்த படிகத்தில் அந்த வேலி பெரும்பாலும் அமைவதில்லை. துளைவாய் சுமார் 3.4 ஆங்ஸ்ட்ராம்தான் (ஓர் ஆங்ஸ்ட்ராம் மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு), கரைப்பான் சூழ்ந்த அயனி உள்ளே நுழையத் திணறி வெளிப்பகுதியிலேயே சேரும், சூட்டில் உலோகத் துகளாகத் திரளும். துகளைக் கந்தக அமிலத்தில் கழுவலாமே என்றால், கார்பன் ஓடு மூடிய துகளை அமிலம் தொடாது.

துத்தநாகமும் கோபால்ட்டும் 9:1 மோல் விகிதத்தில் சேர: துத்தநாக நைட்ரேட் ஹெக்சாஹைட்ரேட் 2.68 கிராம், கோபால்ட் நைட்ரேட் ஹெக்சாஹைட்ரேட் 0.29 கிராம், 100 மி.லி. மெத்தனால். இரண்டும் முழுதாகக் கரைந்த பிறகே, இன்னொரு 100 மி.லி. மெத்தனாலில் கரைத்த 6.57 கிராம் இணைப்பானை ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். கோபால்ட் பிந்தினால் அது மேலோடாகப் படியும். அறை வெப்பத்தில் 24 மணி நேரம் கலக்கி, சென்ட்ரிஃபியூஜ் செய்து, மேல்நீர் நிறமற்றுப் போகும்வரை மெத்தனாலில் கழுவுங்கள். நைட்ரேட் உப்புகள் ஈரத்தை இழுப்பவை. திறந்து வைத்த பாட்டிலிலிருந்து நிறுத்தால் விகிதம் பிசகும். உலையில் ஆவியான துத்தநாகம் குழாயின் குளிர்ந்த முனையில் படியும், வாயு வெளியேறும் வழி அடைபடாமல் பாருங்கள்.

எக்ஸ்-கதிர் விளிம்பு விலகலை மட்டும் நம்பி "கலந்துவிட்டது" என்று சொல்ல முடியாது. இரண்டின் அலகுக்கூடும் ஏறத்தாழ 17 ஆங்ஸ்ட்ராம் என்பதால், தனித்தனிப் படிகங்களின் கலவையும் அதே கோடுகளைத்தான் தரும். ஐசிபி (மாதிரியைப் பிளாஸ்மாவில் செலுத்தித் தனிமங்களை அளக்கும் முறை) மொத்த விகிதத்தைச் சொல்லும், இடத்தைச் சொல்லாது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தனிமப் பரவல் வரைபடம் எடுத்தே ஆக வேண்டும்.

இந்தத் தீர்ப்பை எல்லாக் கட்டமைப்புகளுக்கும் நீட்ட மாட்டேன். எம்ஓஎஃப்-5-இல் (துத்தநாகம் கொண்ட இன்னொரு உலோக–கரிமக் கட்டமைப்பு) டைட்டானியம், வனேடியம், குரோமியம் போன்றவற்றைப் புகுத்தியதாக 2013-இல் எம்ஐடியின் ப்ரோசெக்கும் டிங்காவும் காட்டியது அயனி மாற்றத்தால்தான். அங்கே ஊறவைப்பதே சரி, அதுவும் காற்றுப் புகாத கையுறைப் பெட்டிக்குள்.