விக்கி டாஷ்போர்டு: கருவி இலவசம், ஆளுக்கு யார் சம்பளம் கொடுப்பது?

விக்கிப்பீடியாவையும் பல்கலைக்கழக வகுப்புகளையும் இணைக்க ஓர் அமைப்பு வேண்டும், அது ஆண்டுதோறும் நல்கைக்கு (மானியத்துக்கு) கையேந்தாமல் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று நாங்கள் சில ஆசிரியர்களும் விக்கிப்பீடியர்களும் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறோம். மென்பொருளுக்கு என்ன செய்வது என்ற பேச்சு வந்தால் எல்லோரும் கைகாட்டுவது, வகுப்பு மாணவர்களின் விக்கிப்பீடியா வேலையைப் பின்தொடர உதவும் 'புரோகிராம்ஸ் அண்ட் ஈவென்ட்ஸ் டாஷ்போர்டு' என்ற இணையக் கருவி. தாவரவியல் மாணவர்களை வைத்து இதைப் பல பருவங்களாக ஓட்டி வருபவள் என்ற முறையில் இந்த விமர்சனம். இதே யோசனையில் இருக்கும் வேறு சிலருக்கும் உதவும் என்று நம்புகிறேன்.

இதை உருவாக்கியது விக்கி எஜுகேஷன் என்ற லாப நோக்கற்ற அமைப்பு. அமெரிக்கா, கனடா வகுப்புகளுக்காக அவர்கள் ஒரு டாஷ்போர்டு வைத்திருக்கிறார்கள். அதே நிரலில் ஓடும் இன்னொரு தளம்தான் உலகின் மற்ற எல்லோருக்குமானது. கட்டணம் கிடையாது. விக்கிப்பீடியா கணக்கை வைத்தே உள்ளே நுழையலாம்.

வகுப்புக்கு ஒரு பக்கம் திறந்து, தொடங்கும் நாள், முடியும் நாள், எந்த மொழி விக்கி என்று கொடுத்தால் சேர்வதற்கான இணைப்பு ஒன்று கிடைக்கும். மாணவர்கள் அதைச் சொடுக்கிச் சேர்ந்துவிடுவார்கள். யார் எந்தக் கட்டுரையை எழுதுகிறார், யார் யாருடையதைப் படித்துக் கருத்துச் சொல்ல வேண்டும் என்று ஒதுக்கலாம். பயிற்சிப் பாடங்களை யார் முடித்தார், யார் முடிக்கவில்லை என்பதும் தெரியும். இவ்வளவும் எதிர்பார்த்ததுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது, கட்டுரையில் யார் எழுதியது எது என்று வண்ணம் பூசிக் காட்டும் வசதி. லைக்கன் பற்றிய ஒரு கட்டுரையை இரண்டு மாணவிகள் சேர்ந்து விரிவாக்கினார்கள். கட்டுரையைத் திறந்தால் ஒருத்தி எழுதிய வாக்கியங்கள் ஒரு நிறத்தில், இன்னொருத்தி எழுதியவை வேறு நிறத்தில், முன்பே இருந்தவை நிறமில்லாமல். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழ்வதை விளக்கும் பத்தியில் நடுவே ஒரே ஒரு வாக்கியம் மட்டும் மற்றவளின் நிறத்தில் இருந்தது. தோழி எழுதியதைப் படித்துவிட்டு, விட்டுப்போன மேற்கோளோடு அதைச் சேர்த்திருந்தாள். இருவருக்கும் தனித்தனியாக மதிப்பெண் போட இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்காது. முன்பெல்லாம் கட்டுரையின் திருத்த வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து பதிப்பு பதிப்பாக ஒப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு குறை, இந்த வசதி சில பெரிய மொழிகளின் விக்கிகளுக்குத்தான் உண்டு. நாங்கள் ஆங்கிலத்தில் எழுதியபோது கிடைத்தது. வேறு பல மொழிகளில் எழுதுகிறவர்கள் பழைய முறையில்தான் பார்க்க வேண்டும்.

முதல் நாளில் எல்லா வகுப்பும் முட்டிக்கொள்ளும் சங்கதி ஒன்று உண்டு. ஒரே ஐபி முகவரியிலிருந்து ஒரு நாளில் 6 புதிய கணக்குகளுக்கு மேல் தொடங்க விக்கிப்பீடியா விடாது. வளாக இணையத்தில் உட்கார்ந்து எல்லோரும் ஒன்றாகப் பதிவு செய்தால் ஏழாவது மாணவருக்குக் கதவு மூடிவிடும். விஷமிகளைத் தடுக்க வைத்த வரம்பு அது, தேவையானதும்கூட. டாஷ்போர்டில் இதற்கு வழி இருக்கிறது: கணக்குக் கோரிக்கை வசதியை இயக்கிவிட்டால் மாணவர்கள் விரும்பும் பெயரையும் மின்னஞ்சலையும் கொடுத்துவிடுவார்கள், கணக்கை நாமே உருவாக்கித் தரலாம். ஆனால் வரம்பைத் தாண்டும் உரிமையை அந்தந்த விக்கியில் முன்கூட்டியே கேட்டு வாங்கியிருக்க வேண்டும். அதைப் புதிய ஆசிரியருக்கு யார் சொல்வார்கள்?

இனி எண்கள். முகப்பிலேயே எத்தனை கட்டுரைகள், எத்தனை சொற்கள், எத்தனை மேற்கோள்கள், எத்தனை பார்வைகள் என்று பெரிய எழுத்தில் வரும். சொற்களையும் மேற்கோள்களையும் ஓரளவு நம்பலாம். பார்வைக் கணக்கை நான் நம்புவதில்லை. ஒரு மாணவர் நிறையப் பேர் படிக்கும் கட்டுரையில் ஒரு காற்புள்ளியைத் திருத்தினாலும், அதன் பிறகு அந்தக் கட்டுரைக்கு வரும் பார்வைகள் எல்லாம் வகுப்பின் கணக்கில் ஏறிவிடும். யாரும் தேடாத லைக்கன் கட்டுரையை இரவு பகலாக உட்கார்ந்து எழுதிய இருவரின் உழைப்பு அந்த எண்ணில் தெரியவே தெரியாது. பணம் கொடுக்கிறவர்கள் முதலில் பார்ப்பதும் இந்த எண்ணைத்தான். அதைக் காட்டி நல்கை வாங்கப் பழகிவிட்டால், அடுத்த ஆண்டு வகுப்பே அந்த எண்ணுக்காக நடக்கத் தொடங்கும். எங்கள் திட்ட வரைவிலிருந்து பார்வைக் கணக்கை எடுத்துவிட வேண்டும் என்று நான் விடாமல் வாதாடியதற்கு இதுதான் காரணம்.

சரி, இவையெல்லாம் கருவியின் நிறைகுறைகள். இதில் இல்லாத ஒன்றைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

இன்னொரு மாணவர் ஒரு பெரணிச் செடியின் மருத்துவப் பயன் பற்றி நீளமாக எழுதி, மணல்தொட்டியிலிருந்து (வரைவு எழுதிப் பழகும் பக்கம்) கட்டுரைக்கு நகர்த்தினார். ஆதாரம் ஒரே ஓர் ஆய்வகக் கட்டுரை. சற்று நேரத்தில் விக்கிப்பீடியாவைத் தொகுக்கும் தன்னார்வலர் ஒருவர் அதை மீளமைத்துவிட்டார், அதாவது கட்டுரையைப் பழைய நிலைக்கே திருப்பிவிட்டார். மாற்றத்துக்குக் காரணம் எழுதும் தொகுப்புச் சுருக்கத்தில் விதிப் பக்கத்தின் சுருக்கப் பெயர் மட்டும் இருந்தது. தன்னார்வலர் மேல் தவறே இல்லை. மருத்துவச் செய்திகளுக்குத் தனி ஆய்வு ஒன்றை மட்டும் நம்பாமல், பல ஆய்வுகளை மதிப்பிட்டு எழுதிய மீள்பார்வைக் கட்டுரைகளை ஆதாரமாகக் காட்ட வேண்டும் என்பது ஆங்கில விக்கியில் உறுதியான விதி. ஆனால் அந்த மாணவருக்குத் தெரிந்ததெல்லாம் தன் எழுத்து காணாமல் போய்விட்டது என்பதுதான். டாஷ்போர்டு அவருக்கு எதுவும் விளக்கவில்லை. விளக்கவும் முடியாது.

அமெரிக்கா, கனடா வகுப்புகளில் இந்த இடத்தில் ஒரு மனிதர் இருக்கிறார். விக்கி எஜுகேஷன் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் விக்கிப்பீடியா நிபுணர். மாணவர் அவரிடம் கேட்கலாம். தன்னார்வலரும் வகுப்பைப் பற்றி அவரிடமே முறையிடலாம். ஆசிரியரிடம் அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. மற்ற நாட்டு வகுப்புகளுக்கு வருவது மென்பொருள் மட்டும்.

அந்த ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வரலாறே இருக்கிறது. 2010இல் ஸ்டான்டன் அறக்கட்டளை கொடுத்த 12 லட்சம் டாலரில், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பொதுக்கொள்கைத் திட்டத்தைத் தொடங்கியது; பொதுக்கொள்கை பற்றிய கட்டுரைகளை மாணவர்களை வைத்து மேம்படுத்தும் திட்டம் அது. வளாகத் தூதர்கள், இணையத் தூதர்கள் என்று ஆட்கள் நியமித்து வகுப்புகளுக்குத் துணையாக நிறுத்தினார்கள். அதே வழியில் 2011இல் புனேக் கல்லூரிகளில் அந்த அறக்கட்டளை நடத்திய சோதனைத் திட்டமோ வேகமாகப் பெருத்தது. அனுபவமுள்ள விக்கிப்பீடியர்கள் போதவில்லை. புத்தகங்களிலும் இணையத்திலும் இருந்து அப்படியே எடுத்துப் போட்ட பத்திகள் குவிந்தன, அவற்றைத் தேடித்தேடி நீக்கும் வேலை முழுக்கத் தன்னார்வலர்கள் தலையில் விழுந்தது. அந்த ஆண்டு நவம்பருக்குள் திட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. அமெரிக்க, கனடா வேலை 2013இல் விக்கி எஜுகேஷன் என்ற தனி அமைப்பாகப் பிரிந்தது.

எனவே சுயமாக நிற்கும் அமைப்பு என்றால் முதல் செலவு சர்வர் கிடையாது, மென்பொருள் கிடையாது. அந்த நிபுணரின் சம்பளம். அது எங்கிருந்து வரும் என்று பார்த்தால் ஏற்கெனவே சில முன்மாதிரிகள் உண்டு. எடின்பரோ பல்கலைக்கழகம் 2016 முதல் தன் வளாகத்திலேயே ஒரு விக்கிமீடியரை (விக்கிப்பீடியாவிலும் அதன் துணைத் திட்டங்களிலும் பழகியவர்) பணியில் வைத்திருக்கிறது. விக்கி எஜுகேஷன் 2018 வாக்கில் துறை வல்லுநர்களுக்குக் கட்டணப் பயிற்சி வகுப்புகள் தொடங்கியது. டெல் அவிவ் பல்கலைக்கழகத்திலும் சான் பிரான்சிஸ்கோ மருத்துவக் கல்லூரியிலும் 2013 முதல் விக்கிப்பீடியாவில் எழுதுவதையே பட்டப்படிப்பின் கணக்கில் சேரும் (கிரெடிட்) பாடமாக நடத்தியிருக்கிறார்கள்.

என் மனம் போவது எடின்பரோ வழியில்தான், கொஞ்சம் மாற்றி. ஒரு பல்கலைக்கழகம் முழுச் சம்பளம் தர யோசிக்கும். நான்கைந்து சேர்ந்து பங்கு போட்டுக்கொள்ளலாம். நூலகங்கள் ஆய்விதழ்ச் சந்தாவுக்குக் கொட்டும் பணத்தோடு ஒப்பிட்டால் ஒரு ஆளின் சம்பளத்தில் பங்கு என்பது சின்னத் தொகை. தகவல் தேடவும் ஆதாரத்தை எடைபோடவும் மாணவருக்குக் கற்றுக்கொடுப்பது நூலகத்தின் சொந்த வேலையும்தான்.

ஒரு எல்லையை மட்டும் தாண்டக்கூடாது. பயிற்சிக்குப் பணம் வாங்கலாம், கட்டுரைக்கு வாங்கக்கூடாது. எங்கள் துறைத்தலைவர் பற்றி, எங்கள் ஆய்வு மையம் பற்றி ஒரு கட்டுரை வந்துவிடுமா என்று உறுப்பினர் நிறுவனங்கள் கேட்கத்தான் செய்யும். பணம் பெற்றுத் தொகுப்பவர்கள் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று 2014 முதல் விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதிகளே சொல்கின்றன. அதையும் தாண்டி, நாம் ஒரு முறை அப்படி எழுதிக் கொடுத்தோம் என்று தெரிந்தால் தன்னார்வலர்கள் நம் மாணவர்கள் எவரையும் நம்ப மாட்டார்கள். அந்த நம்பிக்கை போனால் பல்கலைக்கழகங்களுக்குக் கொடுக்க நம்மிடம் எதுவும் மிஞ்சாது. ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே இதை எழுதிவைக்க வேண்டும்.

இப்போதைக்கு என் தீர்ப்பு இது. நீங்களே விக்கிப்பீடியாவில் தொகுத்துப் பழகியவர், வகுப்பும் சின்னது என்றால் டாஷ்போர்டை யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வகுப்புக்கு ஒரு வாரம் முன்பே மாணவர்களை அவரவர் வீட்டிலிருந்து கணக்குத் தொடங்கச் சொல்லுங்கள், கட்டுரைக்கு நகர்த்தும் கடைசி நாளைப் பருவத்தின் நடுவில் வையுங்கள். பருவம் முடியும் வாரத்தில் வைத்தால் மீளமைப்பு வரும்போது மாணவர்கள் தேர்வுக்குப் போயிருப்பார்கள், பதில் சொல்ல ஆள் இருக்காது. நூறு பேர் இருக்கும் வகுப்பு, நீங்களும் விக்கிக்குப் புதியவர் என்றால், உள்ளூர் விக்கிப்பீடியர் ஒருவர் துணைக்கு வருகிறேன் என்று சொல்லும்வரை பொறுங்கள். அவருக்கு வழிச்செலவோடு நேரத்துக்கும் பணம் கொடுக்கும்படி உங்கள் துறையைக் கேளுங்கள்.