காளஹஸ்தி ராகு கேது பூஜை: 500 ரூபாய் டிக்கெட்டே போதும்

கடன் கழுத்தை நெரிக்கும்போதும், பெண்ணுக்கு வரன் தட்டிக்கொண்டே போகும்போதும், நகரி, புத்தூர், சத்தியவேடு, திருத்தணிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் யாராவது ஒரு பெரியவர் சொல்லிவிடுவார்: "காளாஸ்திரிக்கு ஒரு தடவை போயிட்டு வாங்கப்பா." ஆந்திராவில் இருக்கும் காளஹஸ்தி சிவன் கோயிலைத்தான் சொல்கிறார்; ராகு கேது தோஷம் நீங்கப் பூஜை செய்கிற இடம். தாராளமாகப் போகலாம். ஆனால், மனசு ஒடிந்து வருகிறவரிடம் எதையும் விற்றுவிடலாம் என்று தெரிந்த ஆட்களும் அங்கே வெளியே நிற்பார்கள்.

பூஜை டிக்கெட் 500, 750, 1500, 2500, 5000 ரூபாய் என்று ஐந்து வகை. விலை மாறலாம், கவுண்டர் பலகையைப் பார்த்து வாங்குங்கள். ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு பேர் உட்காரலாம். விலை ஏற ஏற உட்காரும் இடம் கோயிலுக்குள்ளே தள்ளிப் போகும், கூட்டம் குறையும். நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது இந்த வசதிக்குத்தான்; பூஜை ஒன்றேதான். முறை தெரியாமல் வாயில் தண்ணீர் கொண்டுவந்து அபிஷேகம் செய்து, பன்றிக்கறி படைத்த கண்ணப்பரை ஏற்றுக்கொண்ட சாமி இது. அவர் சந்நிதியில் 5000 ரூபாய்க்குப் பலன் கூடுதல் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். கடன் தீரவேண்டும் என்று வேண்டிக்கொள்ள மேலும் கடன் வாங்குவது வேண்டாம். முழங்கால் வலிக்காரர்களும் கைக்குழந்தைக்காரர்களும் மட்டும் நெரிசல் குறைந்த வகையை யோசிக்கலாம்.

பூஜைச் சாமான் டிக்கெட்டோடு சேர்ந்தே வருகிறது. ராகுவுக்கு ஒன்று, கேதுவுக்கு ஒன்று என்று மெல்லிய வெள்ளித் தகட்டில் இரண்டு நாகம், ராகுவுக்கு உளுந்து, கேதுவுக்குக் கொள்ளு, துணித்துண்டு, பூ, மஞ்சள், குங்குமம். ஆகவே வாசல் கடையில் "செட்" வாங்கத் தேவையே இல்லை. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்.

வரிசையாகத் தரையில் உட்கார வைத்து, அர்ச்சகர் மைக்கில் சொல்லச் சொல்ல நாமே செய்வது இந்தப் பூஜை. அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஆகும். சங்கல்பத்தில் பெயர், கோத்திரம், நட்சத்திரம் சொல்லவேண்டும். வீட்டிலேயே கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். கோத்திரம் தெரியாதவர்கள் சிவகோத்திரம் என்று சொல்வது வழக்கம். பிழை பெரும்பாலும் நடுவில்தான் வருகிறது. பக்கத்து ஆளைப் பார்த்துச் செய்யப்போய், ராகுவுக்குப் போடவேண்டியதைக் கேதுவுக்குப் போட்டுவிடுகிறார்கள். சாமான் பொட்டலத்தை முதலிலேயே பிரித்து, உளுந்தை ஒரு பக்கம், கொள்ளை ஒரு பக்கம் வைத்துக்கொண்டால் மைக் சத்தம் சரியாகக் கேட்காவிட்டாலும் தடுமாற்றம் இருக்காது. முடிந்ததும் நாகங்களை உண்டியலில் சேர்த்துவிட வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது.

ராகுகாலத்தில் செய்தால் விசேஷம் என்பதால் ஞாயிறு மாலை 4.30 முதல் 6 வரையும், செவ்வாய் மதியம் 3 முதல் 4.30 வரையும் கூட்டம் நெருக்கியடிக்கும். அமாவாசை இன்னும் மோசம். கிரகணத்தன்றும் நடை சாத்தாத கோயில் என்பதால் அன்றைக்கும் அப்படித்தான். நிதானமாக வேண்டிக்கொள்ள நினைக்கிறவர்கள் ஒரு வாரநாள் காலையில் வரலாம். செல்போன் உள்ளே கூடாது.

பூஜை முடிந்த கையோடு பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள்தான் அதிகம், அதுதான் வருத்தம். மூலவர் வாயுலிங்கம், அதாவது பஞ்சபூதங்களில் காற்றுக்குரிய லிங்கம். கருவறையில் காற்றுக்கு வழியில்லாத இடத்திலும் ஒரு விளக்கின் சுடர் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த லிங்கத்தை அர்ச்சகரும் கையால் தொடுவதில்லை. சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய திருக்காளத்தி இது. அம்மன் ஞானப்பிரசூனாம்பிகை சந்நிதியில் ஐந்து நிமிஷம் நின்றால் என்ன குறைந்துவிடும்? பாதாள விநாயகர் மட்டும் சுமார் 35 அடி ஆழத்தில் இருக்கிறார். படி குறுகல், மூச்சுத்திணறல் உள்ளவர்கள் மேலிருந்தே கும்பிடலாம்.

உடுத்திய துணியை ஆற்றில் விடவேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். துணியை விடுவது திருநள்ளாற்று நளதீர்த்தக் குளத்து வழக்கம். இங்கே கோயிலை ஒட்டிய சுவர்ணமுகி ஆற்றில் பல மாதம் மணல்தான் இருக்கும்.

பூஜைக்குப் பிறகு வேறு கோயிலுக்கோ உறவினர் வீட்டுக்கோ போகாமல் நேரே வீடு திரும்புவது வழக்கம். எனவே திருமலையும் சேர்த்துப் பயணம் போடுகிறவர்கள் ஏழுமலையானை முதலில் தரிசித்துவிட்டு, திருப்பதியிலிருந்து இங்கே வாருங்கள். பஸ்ஸில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். சென்னைக்காரர்களுக்கு மாதவரத்திலிருந்து பஸ் இருக்கிறது. ரயிலில் வந்தால் கூடூர்–ரேணிகுண்டா பாதையில் காளஹஸ்தியிலேயே ஸ்டேஷன்.