டேனரி டிரம்மில் சிங்க் 2 வருடம், சோர்ஸ் 3 வருடம்

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், மின் பராமரிப்பு என் வேலை. பிஎல்சியும் (கட்டளை கொடுக்கும் சின்னக் கம்ப்யூட்டர்) டிரைவும் (மோட்டாரை ஓட்டும் பெட்டி) வைத்து ஓடும் 8 டிரம்கள், தோல்களைப் போட்டுச் சுற்றும் பெரிய பீப்பாய்கள், என் பொறுப்பு. பிஎல்சியின் 'ஓடு' கட்டளையை டிரைவுக்குக் கொண்டுபோக இரண்டு வகை வயரிங் உண்டு: சிங்க் (sink), சோர்ஸ் (source). முதல் 2 வருடம் சிங்க் வயரிங், அப்புறம் 3 வருடமாகச் சோர்ஸ். இரண்டையும் ஒரே மிஷினில், ஒரே ஈரத்தில் பார்த்துவிட்டேன்.

டிரைவில் 'ஓடு' கட்டளை வரும் ரன் டெர்மினலுக்குள் ஒரு ஆப்டோகப்ளர் (ஒளி வழியாக சிக்னலைக் கடத்தும் சின்னப் பாகம்) இருக்கிறது. அதில் சில மில்லி ஆம்பியர் ஓடினால் மோட்டார் சுற்றும். சிங்க்கில் 24 வோல்ட் டிரைவுக்குள்ளேயே தயாராக நிற்கும். பிஎல்சியின் என்பிஎன் (மைனஸ் பக்கம் இழுக்கும் வகை) அவுட்புட் அதை 0 வோல்ட்டுக்கு இழுத்தால் போதும். சோர்ஸில் பிஎன்பி (ப்ளஸ் கொடுக்கும் வகை) அவுட்புட் 24 வோல்ட்டை வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். இந்தப் பெயர்களில்தான் எல்லாரும் குழம்புகிறார்கள். ஒரு மேனுவல் இன்புட்டைச் சொல்லும், இன்னொன்று அவுட்புட்டைச் சொல்லும். நான் பெயரைப் பார்ப்பதே இல்லை. மோட்டார் ஓட அந்த டெர்மினலுக்கு ப்ளஸ் வரவேண்டுமா, மைனஸ் வரவேண்டுமா, அவ்வளவுதான் கேள்வி.

சரி, ஏன் மாற்றினேன்? ஐப்பசி மழையில் ஒரு நைட் ஷிப்டில் ஆபரேட்டர் ஓடி வந்தார். "யாரும் தொடல சார், அதுவா சுத்துது!" நல்ல வேளை, டிரம்முக்குள் ஆள் இல்லை. தேடியதில், கேபிள் டிரே (வயர்களைத் தாங்கும் உலோகத் தட்டு) விளிம்பில் ரன் வயரின் தோல் உரிந்து டிரேயைத் தொட்டிருந்தது. எங்கள் பேனலில் 0 வோல்ட் எர்த்தோடு கட்டியிருக்கிறது. அதனால் வயர் எர்த்தானதை டிரைவ் 'ஓடு' என்றே எடுத்துக்கொண்டது. பிஎல்சியில் அந்த அவுட்புட் லைட்கூட எரியவில்லை.

மாற்றுவது சுலபம் என்று நினைத்தேன். டிரைவில் பவரை ஆஃப் செய்து சின்ன ஸ்விட்சைச் சோர்ஸ் பக்கம் தள்ளினால் முடிந்தது. ஆனால் பிஎல்சி அவுட்புட் என்பிஎன், அதனால் ப்ளஸ் கொடுக்க முடியாது. ஸ்விட்ச் தள்ளியதும் மோட்டார் அசையவில்லை. எதுவும் கருகவும் இல்லை. பிஎல்சியை மாற்றாமல் செலவைக் குறைக்க, நடுவில் 24 வோல்ட் ரிலே போட்டேன்; பிஎல்சி ரிலேயை இழுக்கும், ரிலேயின் கான்டாக்ட் டிரைவுக்கு ப்ளஸ் கொடுக்கும்.

அது என் தப்பு. சுண்ணாம்பு டிரம் பக்கம் சல்ஃபைடு வாடை எப்போதும் உண்டு. வெள்ளிக் கான்டாக்ட் கறுத்துப் போகும். பெரிய கரண்ட் என்றால் அந்தப் படலத்தை எரித்துக்கொண்டு போகும். டிரைவ் இன்புட்டின் சில மில்லி ஆம்பியருக்கு அந்தத் தெம்பு இல்லை. ஆறே மாதத்தில் ரிலே 'டிக்' என்னும், டிரம் அசையாமல் நிற்கும். தங்க முலாம் கான்டாக்ட் ரிலே வாங்கிய பிறகுதான் தூங்கினேன். அப்புறம் 6 டிரம்களுக்குப் பிஎன்பி அவுட்புட் பிஎல்சியே வந்துவிட்டது.

போன வருடம் வேறொரு டிரம்மில் அதே மாதிரி ரன் வயர் டிரேயில் உரசியது. இந்த முறை பிஎல்சி ஆன் கொடுத்ததும் 24 வோல்ட் ஃபியூஸ் போனது, டிரம் நின்றது. அரை மணி நேரத்தில் இடத்தைக் கண்டுபிடித்தோம். புரொடக்ஷன் சூப்பர்வைசர் திட்டினார். திட்டட்டும், தானாகச் சுற்றுவதற்கு இது எவ்வளவோ மேல்.

எந்த வயரிங்காக இருந்தாலும், டிரம்முக்குள் ஆள் இறங்கினால் ஐசொலேட்டரை (மெயின் பவரைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) ஆஃப் செய்து பூட்டுவது கட்டாயம். சோர்ஸை நம்பி அதை விட்டுவிட வேண்டாம்.

மீதி 2 டிரம்கள் இன்னும் ரிலேயில்தான் ஓடுகின்றன. பொங்கல் லீவில் மாற்றலாம் என்று இருக்கிறேன்.