என்பிஎம் யூயூஐடி பேக்கேஜ்: இன்னும் தேவையா?

ஜாவாஸ்கிரிப்டில் எதற்காவது தனித்த ஐடி வேண்டுமென்றால் பலரும் யோசிக்காமல் நிறுவுவது, என்பிஎம் எனும் பேக்கேஜ் களஞ்சியத்தில் உள்ள யூயூஐடி பேக்கேஜைத்தான். யூயூஐடி என்பது 128 பிட் நீளமுள்ள தனித்த ஐடி. வேறு எந்தப் பேக்கேஜையும் நம்பியிராதது, வேகமானது. குறை சொல்ல வேண்டியதெல்லாம் அதற்கு ரேண்டம் எண் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் இருக்கிறது.

ரேண்டம் எண்ணிலிருந்து உருவாகும் வகையான வி4 ஐடியின் 128 பிட்டில் 6 பிட் பதிப்பையும் வகையையும் குறிக்கப் போய்விடும், மீதி 122 பிட் ரேண்டம். இரண்டு ஐடிகள் மோத 50 சதவீத வாய்ப்பு உண்டாக வேண்டுமானால் சுமார் 2.71 × 10¹⁸ ஐடிகளை உருவாக்க வேண்டும். அதனால் உற்பத்திச் சூழலில் மோதல் கண்ணில் பட்டால் அதிர்ஷ்டத்தைப் பழிக்காதீர்கள், சீடை, அதாவது ரேண்டம் எண்களின் தொடக்க மதிப்பைச் சந்தேகியுங்கள்.

பேக்கேஜின் பழைய 3ஆம் பதிப்பு, பிரவுசரில் கிரிப்டோ வசதி இல்லையென்றால் சத்தமில்லாமல், பாதுகாப்புக்கு ஏற்றதல்லாத மேத்.ரேண்டமுக்கு மாறிவிடும். 7ஆம் பதிப்பு அந்த மாற்றுவழியையே நீக்கி, நல்ல மூலம் கிடைக்காவிட்டால் பிழை காட்டி நின்றுவிடுகிறது. இந்தப் பேக்கேஜில் நடந்த நல்ல மாற்றங்களில் இதற்குத்தான் முதலிடம். ரியாக்ட் நேட்டிவில் இந்தப் பிழை வந்தால் ரியாக்ட்-நேட்டிவ்-கெட்-ரேண்டம்-வேல்யூஸ் பேக்கேஜை நிறுவி, யூயூஐடிக்கு முந்தைய வரியில் இம்போர்ட் செய்யுங்கள். இம்போர்ட்டுகளை அகரவரிசையில் அடுக்கும் கருவி ஏதும் வைத்திருந்தால், அது இந்த வரிசையைக் கலைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேடலுக்காகத் தளங்களைப் படிக்கும் கூகுளின் பாட்டான கூகுள்பாட் விஷயத்தைப் பேக்கேஜின் ரீட்மீயே எச்சரிக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில் 'ரேண்டம்' எண் தரும் கிளையண்ட் அது. பக்கம் திறந்ததும் பிரவுசரிலேயே ஐடி உருவாக்கிச் சேமிக்கும் தளமாக இருந்தால் டூப்ளிகேட் வரத்தான் செய்யும். டேட்டாபேஸில் யூனிக் கட்டுப்பாடு போடுங்கள், பாட்களின் எழுத்துக் கோரிக்கைகளைத் தடுங்கள். கிளையண்டிலேயே இன்னொரு ஐடி உருவாக்கி மறுமுயற்சி செய்வதில் பயனில்லை, அதுவும் ஏற்கெனவே வந்த ஐடியாக இருக்கலாம். சர்வரில் உருவாக்குங்கள்.

9ஆம் பதிப்பிலிருந்து, எந்த ஆப்ஷனும் தராமல் வி4-ஐ அழைத்தால், சூழலிலேயே கிரிப்டோ.ரேண்டம்யூயூஐடி இருக்கும்பட்சத்தில் பேக்கேஜ் அதைத்தான் கூப்பிடுகிறது. சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் நோட்.ஜேஎஸ்ஸில் 14.17 முதல் அது உண்டு. ஆக, சர்வரில் வி4 மட்டும் போதுமென்றால் நடுவே ஒரு பேக்கேஜ் வீண். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நோட் 128 ஐடிகளுக்கான ரேண்டம் தரவை முன்கூட்டியே எடுத்து நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மை (மெய்நிகர் கணினியை) ஸ்னாப்ஷாட் எடுத்துப் பல பிரதிகளாக எழுப்பினால் எல்லாவற்றிலும் அதே மிச்சம் இருக்கும். ரேண்டம்யூயூஐடியின் டிசேபிள்என்ட்ரோபிகேஷ் ஆப்ஷன் இந்தக் கேஷை மட்டும்தான் நீக்கும், நோட் ரேண்டம் எண் எடுக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தின் உள்நிலையும் பிரதியோடு சேர்ந்தே வந்திருக்கும். இத்தகைய இடங்களில் இயங்குதளமே ரேண்டம் பைட்டுகள் தரும் டெவ்/யூரேண்டமிலிருந்து 16 பைட் படித்து, வி4-இன் ரேண்டம் ஆப்ஷனில் கொடுப்பது மேல். டெஸ்டுக்காக அங்கே நிலையான அரே போட்டவர்கள் டிப்ளாய் செய்யுமுன் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் டேபிளின் எல்லா வரிசைக்கும் ஒரே ஐடிதான்.

பேக்கேஜுக்கு இன்று உண்மையான மதிப்பு வி7-இல். முதல் 48 பிட் மில்லிசெகண்ட் நேரம் என்பதால் புதிய வரிசைகள் இண்டெக்ஸின் கடைசிப் பக்கமாகவே சேர்கின்றன, பெரிய டேபிளில் இது நன்றாகவே தெரியும். ஆனால் 'சின்ன ஐடி' வேண்டுமென்று முதல் 8 எழுத்தை வெட்டாதீர்கள். வி4-இல் அப்படி வெட்டினால் 32 பிட்தான் மிஞ்சும், சுமார் 77,000 ஐடிகளிலேயே மோதல் வாய்ப்பு 50 சதவீதம். வி7-இல் நிலைமை இன்னும் மோசம்: அந்த 8 எழுத்து 65.5 விநாடிக்கு ஒருமுறைதான் மாறும். அதற்குள் வந்த ஆர்டர்கள் அத்தனைக்கும் ஒரே எண்.

உள்ளூர் நெட்வொர்க்கில் எச்டிடிபி முகவரியில் ஓடும் தளங்களுக்கும் பேக்கேஜ் தேவை. ரேண்டம்யூயூஐடியை பிரவுசர்கள் எச்டிடிபிஎஸ்ஸிலும் லோக்கல்ஹோஸ்டிலும் மட்டுமே தருகின்றன, பேக்கேஜ் மாற்றாகப் பயன்படுத்தும் கெட்ரேண்டம்வேல்யூஸுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. பெயரிலிருந்து ஐடி எடுக்கும் வி5 வேண்டுமென்றாலும் தாராளமாக நிறுவலாம். இன்னும் ரிக்வயர் எழுதும் புராஜெக்டுகள் 11ஆம் பதிப்போடு நின்றுகொள்ளட்டும், 12-இல் ரிக்வயருக்கான பழைய மாட்யூல் வடிவமான காமன்ஜேஎஸ் கிடையாது.