டொமைன் மாற்றித் தருகிறோம் என்று வருபவர்களிடம் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் ஆபீஸ் நிர்வாகம் பார்க்கிறேன். மொத்தம் 34 சிஸ்டம். தனியாக ஐடி ஆள் கிடையாது. சர்வர், பிரின்டர், இன்டர்நெட் எது நின்றாலும் என் மேஜைக்குத்தான் வரும். டொமைன் என்று நான் சொல்வது வெப்சைட் பெயரை இல்லை, ஆபீஸ் சிஸ்டம்களின் லாகினை எல்லாம் ஒரே சர்வரிலிருந்து நிர்வகிக்கும் ஏற்பாட்டை. இரண்டு மாதம் முன்பு அதை மாற்றும் வேலையை வெளியே ஒரு ஏஜென்சிக்குக் கொடுத்தோம். பணம் போனது போகட்டும், ஆறு பேருடைய வேலையே அழிந்து போய்விட்டது. பெயர் போட வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார், அதனால் போடவில்லை. ஆனால் இதே பேச்சைப் பேசி இதே வேலையை எடுக்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். என்ன நடந்தது என்று முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சாயப்பட்டறைக்கு ஒரு டொமைன், கார்மெண்ட்ஸ் யூனிட்டுக்கு ஒரு டொமைன் என்று தனித்தனியாக இருந்தது. கார்மெண்ட்ஸ் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2. அதற்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட் 2023 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. சரி, இரண்டையும் ஒன்றாக்கிவிடலாம் என்று கொட்டேஷன் கேட்டோம். இவர்கள் சிஸ்டத்துக்கு 900 ரூபாய், "யூசர் ப்ரொஃபைல் மைக்ரேஷன் உட்பட" என்று எழுதித் தந்தார்கள். அதாவது ஒவ்வொருவருடைய டெஸ்க்டாப், ஃபைல், மெயில், செட்டிங் எல்லாவற்றையும் புது டொமைனுக்கு அப்படியே கொண்டுபோவது. ஜிஎஸ்டி சேர்த்து 36,108. பாதி அட்வான்ஸ். சனிக்கிழமை சாயங்காலம் ஆரம்பித்து ஞாயிறு ராத்திரிக்குள் முடித்துவிடுவோம், திங்கள்கிழமை ஆட்கள் வந்து உட்கார்ந்தால் வித்தியாசமே தெரியாது என்றார்கள். அந்தக் கடைசி வார்த்தையை நம்பித்தான் கொடுத்தோம்.

திங்கள் காலை ஒன்பது மணிக்கு ஷிப்பிங் அக்கா என் மேஜைக்கு வந்து, "சார், என்ற பழைய மெயில் ஒண்ணையுங் காணோமுங்க" என்றார். போய்ப் பார்த்தால் டெஸ்க்டாப்பே வெறிச்சென்று இருக்கிறது. ரீசைக்கிள் பின், எட்ஜ், அவ்வளவுதான். அன்றைக்கு மதியத்துக்குள் தூத்துக்குடிக்குப் போக வேண்டிய ஒரு கன்டெய்னருக்கு டாக்குமெண்ட் அனுப்ப வேண்டும். அடுத்த அரை மணி நேரத்தில் ஒவ்வொரு செக்‌ஷனாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஏஜென்சி தம்பிக்கு போன் போட்டால், "டேட்டா எல்லாம் டி டிரைவ்ல சேஃபா இருக்கு சார், அவங்க பேர்ல ஃபோல்டர் இருக்கும், எடுத்துக்கச் சொல்லுங்க" என்கிறான்.

அப்போதுதான் புரிந்தது. டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றையும் காப்பி எடுத்து வைத்துவிட்டு, அதற்குப் பெயர் ப்ரொஃபைல் மைக்ரேஷன் என்று பில் போட்டிருக்கிறார்கள்.

ஒரு விஷயத்தை நான் இதற்குப் பிறகுதான் கற்றுக்கொண்டேன், உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கட்டும். விண்டோஸ் ஒருவரை அவர் பெயரை வைத்து அடையாளம் காண்பதில்லை. எஸ்ஐடி என்று ஒரு நம்பர் இருக்கிறது, எஸ்-1-5-21 என்று தொடங்கி நீளமாகப் போகும். பழைய டொமைனில் ஒரு நம்பர், புது டொமைனில் அதே பெயரில் அக்கவுன்ட் போட்டாலும் வேறு நம்பர். எனவே விண்டோஸ் பார்வையில் திங்கள்கிழமை வந்து உட்கார்ந்தவர் புது ஆள். அவருக்குப் புதிதாக ஒரு ப்ரொஃபைல் ஃபோல்டரைத் திறந்து கொடுத்துவிடும். சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் போய்ப் பாருங்கள், ஒரே ஆள் பெயரில் இரண்டு ஃபோல்டர், இரண்டாவதில் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து டொமைன் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. முறையாகச் செய்பவர்கள் பழைய ஃபோல்டரை அப்படியே வைத்து, அதன் உரிமையைப் புது அக்கவுன்ட்டுக்கு மாற்றி, ரெஜிஸ்ட்ரி என்ற விண்டோஸ் செட்டிங் பதிவேட்டில் உள்ள ப்ரொஃபைல் லிஸ்ட்டில் புது எஸ்ஐடியை அந்த ஃபோல்டரோடு இணைப்பார்கள். இல்லாவிட்டால் மைக்ரோசாஃப்ட் இலவசமாகவே தரும் யூஎஸ்எம்டி டூலில் ஸ்கேன்ஸ்டேட் ஓட்டி எடுத்து, லோட்ஸ்டேட் ஓட்டும்போது பழைய டொமைன் யூசர் இவர், புது டொமைனில் இவர் என்று சொல்லி இறக்குவார்கள். இரண்டுமே மந்திரம் இல்லை, தெரிந்த ஆளுக்கு வழக்கமான வேலை.

34ல் 19 சிஸ்டத்தில் வெறும் காப்பி. ஒன்பதை நேரமில்லை என்று தொடவே இல்லை. என் வயிறு எரிவது மீதி ஆறுக்காக. அவை 120 ஜிபி எஸ்எஸ்டி போட்ட சிஸ்டம்கள், சி டிரைவில் இடம் போதவில்லை என்று அந்தப் பையன்கள் சிஸ்டம் ப்ராப்பர்டீஸில் போய் பழைய யூசர் ப்ரொஃபைலைத் தேர்ந்து டெலீட் கொடுத்துவிட்டார்கள். அப்படி அழித்தால் ரீசைக்கிள் பின்னுக்குக்கூட வராது, ஃபோல்டர் மொத்தமாகப் போய்விடும். கோவையில் ஒரு டேட்டா ரெக்கவரி கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் கொஞ்சமாவது எடுத்திருக்கலாம், எஸ்எஸ்டியில், அழித்த இடத்தைத் துடைத்துவிடும் டிரிம் ஓடிவிட்டால் ஒன்றும் மிஞ்சாது என்று கையை விரித்துவிட்டார்கள்.

ஷிப்பிங் அக்காவுடையது அந்த ஆறில் ஒன்று. 11 வருடத்துக்கு முன் அவுட்லுக் 2007ல் போட்ட பாப்3 அக்கவுன்ட், அதாவது மெயிலைச் சர்வரிலிருந்து சிஸ்டத்துக்கே இறக்கி வைப்பது. அந்த வெர்ஷனில் இறக்கிய மெயில் எல்லாம் சேரும் பிஎஸ்டி ஃபைல் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் போய் உட்காரும். சிஸ்டம் மாற்றிய போதெல்லாம் அதே இடத்திலேயே வைத்து வந்திருக்கிறோம். ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர், டாக்குமெண்ட்ஸை மட்டும் காப்பி செய்கிறவன் கண்ணில் அது படாது. மெயில் சர்வரில் இருக்குமே என்று பார்த்தால், அவுட்லுக்கில் 14 நாளுக்குப் பிறகு சர்வரிலிருந்து நீக்கு என்ற செட்டிங் முன்பே டிக் ஆகியிருக்கிறது. எனவே சர்வரில் இருந்தது 14 நாள் மெயில். மற்றதெல்லாம் அந்த ஒரு பிஎஸ்டியில். பையர் கொடுத்த கலர் அப்ரூவல், சாம்பிள் கமெண்ட், க்ளெய்ம் வந்தபோது நடந்த பேச்சு, எல்லாம் அதற்குள்தான். அவர் அழவில்லை, திட்டவும் இல்லை. நோட்டுப் புத்தகத்தை எடுத்து, ஞாபகத்தில் இருக்கிற ஆர்டர் நம்பர்களை வரிசையாக எழுத ஆரம்பித்தார். அதைப் பார்க்கத்தான் எனக்கு முடியவில்லை.

அக்கவுண்ட்ஸில் வேறு பிரச்சனை. ஜிஎஸ்டி, இன்கம்டாக்ஸ், சுங்கத் துறையின் ஐஸ்கேட் பாஸ்வேர்ட் எல்லாம் குரோமில் சேவ் செய்து வைத்திருந்தார்கள். குரோம் ஃபோல்டரைக் காப்பி செய்தாலும் உள்ளே இருக்கும் பாஸ்வேர்ட் திறக்காது, அது அந்தப் பழைய விண்டோஸ் அக்கவுன்ட்டின் சாவியோடு பூட்டப்பட்டது. முன்பே எக்ஸ்போர்ட் செய்து பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஒருவரும் சொல்லவில்லை.

இதையெல்லாம் தாண்டி ஒன்று இருக்கிறது. ஞாயிறு ராத்திரியே பழைய சர்வரை ஃபார்மட் செய்துவிட்டார்கள், புது பேக்கப் மெஷினாக வைத்துக்கொள்ளலாம் என்று. எங்களைக் கேட்கவில்லை. மர்ச்சண்டைசர் லேப்டாப்பில் பயாஸ் (ஆன் செய்தவுடன் முதலில் ஓடும் மென்பொருள்) அப்டேட் வேறு போட்டிருக்கிறார்கள், புதன்கிழமை அது நீலத் திரையில், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் ரெக்கவரி கீ கேட்டு நின்றுவிட்டது. 48 இலக்கம். அந்தக் கீ எங்கே இருந்தது? பழைய டொமைன் சர்வரின் ஆக்டிவ் டைரக்டரி என்ற பதிவேட்டில், அந்த லேப்டாப்பின் பெயருக்குக் கீழே. சர்வரே போன பிறகு எங்கே தேடுவது. அந்த லேப்டாப் இன்றைக்கும் பீரோவில்தான் இருக்கிறது.

வேறு ஒருவரை அழைத்து வந்தோம், ஈரோட்டுக்காரர், தனியாகச் செய்கிறவர். தொடாமல் விட்ட ஒன்பதையும் முறையாக மாற்றினார். காப்பி மட்டும் செய்திருந்த 19ல் பழைய ஃபோல்டர் அழியாமல் இருந்ததால் 18ஐப் பழையபடி இணைத்துவிட்டார். லேப்டாப் ஒன்றும் அந்த ஆறும்தான் கையை விட்டுப் போனவை. அவர் வந்தவுடன் செய்த முதல் காரியம் எனக்கு மறக்காது. ஒரே ஒரு சிஸ்டத்தை எடுத்து மாற்றிக் காட்டி, அதன் ஆளையே கூப்பிட்டு உட்கார வைத்து, "எல்லாம் சரியா இருக்குங்களா, பிரின்ட் ஒண்ணு எடுத்துப் பாருங்க" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டார். டொமைனிலிருந்து கழற்றும் முன் ஒவ்வொன்றிலும், டொமைன் இல்லாமலே உள்ளே நுழைய உதவும் லோக்கல் அட்மின் பாஸ்வேர்ட் வேலை செய்கிறதா என்று பார்த்தார், பிட்லாக்கர் கீயைத் தனியாக எழுதி வாங்கிக்கொண்டார். உங்கள் ஆபீசுக்கு வருபவரிடம் இதையெல்லாம் முதலிலேயே கேளுங்கள். எந்த டூலில் ப்ரொஃபைலை மாற்றுவீர்கள் என்று கேளுங்கள். "காப்பி பண்ணிடுவோம் சார்" என்று பதில் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பழைய ப்ரொஃபைலையோ பழைய சர்வரையோ மூன்று மாதத்துக்குத் தொடக் கூடாது என்று ஒர்க் ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள்.

எழுத்தில் ஏன் என்றால், வக்கீலிடம் போனோம். 2019 நுகர்வோர் சட்டத்தில் வணிக நோக்கத்துக்காக வாங்கும் சேவை வராது, கம்பெனி என்ற முறையில் நுகர்வோர் கோர்ட்டை நம்பாதீர்கள், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் பேசும் என்றார். எங்கள் கொட்டேஷனில் இருந்ததோ ஒரே வரி. ப்ரொஃபைல் என்றால் எதெது என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. ஏஜென்சிக்காரர்கள் இப்போதும் மீதி 18,054 ரூபாய் கேட்டு வாரம் ஒரு தடவை போன் செய்கிறார்கள். கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டோம்.

ஷிப்பிங் அக்கா பழைய பையர்களுக்கு ஒவ்வொருவராக மெயில் போட்டு, எங்களுடன் நடந்த கடிதப் போக்குவரத்தைத் திருப்பி அனுப்ப முடியுமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். இதுவரை மூன்று பேர் அனுப்பியிருக்கிறார்கள்.