"7075 பில்லட்" என்று விற்ற மோட்டோகிராஸ் வீல் செட்: வாங்கும் முன் இதைப் படியுங்கள்

மண் பாதையில் குதித்து ஓட்டும் மோட்டோகிராஸ் பைக்குக்கு வெளிச்சந்தையில் வீல் செட் தேடுகிறவர்கள், முக்கியமாகப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கிற பெற்றோர், இதை முழுசாகப் படித்துவிடுங்கள். பச்சை ஹப், கறுப்பு ரிம், "7075 பில்லட் ஹப், ஜப்பான் ரிம், ஸ்டெயின்லெஸ் ஸ்போக்" என்ற விளம்பரத்தோடு ஒரு செட் சுற்றிக்கொண்டிருக்கிறது. (ஹப் என்பது சக்கரத்தின் நடுப்பாகம், ரிம் என்பது டயர் உட்காரும் வளையம். 7075 என்பது ஒரு வகை அலுமினியக் கலவை, பில்லட் என்றால் வார்க்காமல் முழுக்கட்டியில் கடைந்தது.) அதை நாங்கள் வாங்கினோம். பின் சக்கரத்தின் ஹப் ஓடும்போதே பிளந்து, என் அண்ணன் மகனுக்குக் காறை எலும்பு முறிந்துவிட்டது. ஹெல்மெட்டும் நெக் பிரேஸும் இருந்ததால் தலைக்கும் கழுத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை.

எனக்குக் கோவையில் லேத் பட்டறை. பையன் கவாஸாகி கேஎக்ஸ்250 ஓட்டுகிறான். பழைய பின் ரிம் ஒரு கல்லில் மோதி விளிம்பு மடங்கி, வெல்டு ஓரத்தில் மயிரிழை விரிசல் விட்டிருந்தது. அதை வைத்து இனி குதிக்கக் கூடாது என்று கழற்றிவிட்டோம். கம்பெனி ரிம்முக்கு ஆர்டர் போட்டால் எப்போது வரும் என்று டீலரால் உறுதி சொல்ல முடியவில்லை. போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் வெளியூரில் இருந்து ஆன்லைனில் விற்கும் ஒருவரிடம் முன், பின் இரண்டு சக்கரமும் சேர்த்து 52,000 ரூபாய்க்குக் கிடைத்தது.

அவரிடம் எழுத்தில் மூன்று கேள்வி கேட்டேன். ஹப் வார்ப்படமா, முழுக்கட்டியில் கடைந்ததா? "7075 பில்லட் சார், சிஎன்சி" என்று பதில் வந்தது. ரிம் யாருடையது? ஒரு பிரபல ஜப்பானிய பிராண்டின் பெயரைச் சொன்னார். மோட்டோகிராஸில் குதிக்கத் தாங்குமா? "நேஷனல்ஸ் ரைடர்ஸ் எல்லாம் இதுதான் சார் போடறாங்க." அந்த உரையாடல் இப்போதும் என் போனில் இருக்கிறது. ஜிஎஸ்டி பில் பார்சலோடு வரும் என்றார். பார்சலில் வந்தது ஒரு எஸ்டிமேட் துண்டு.

வந்த சக்கரத்தைப் பார்த்தால் யாருக்கும் குறை சொல்லத் தோன்றாது. ஸ்டாண்டில் ஏற்றி டயல் கேஜ் வைத்தேன். பக்கவாட்டு ஆட்டமும் மேல்கீழ் ஆட்டமும் ஒரு மில்லிமீட்டருக்குள் நின்றன. ஜப்பானியக் கையேடுகள் பொதுவாக 2 மில்லிமீட்டர் வரை விடுகின்றன. ஸ்போக்குகளைச் சாவியால் தட்டினால் எல்லாம் ஒரே மாதிரி ஒலித்தன. டார்க் ரெஞ்சில் கேஎக்ஸ் கையேடு சொல்லும் 2.2 நியூட்டன் மீட்டருக்கு எந்த நிப்பிளும் (ஸ்போக்கை ரிம்மில் இறுக்கும் நட்டு) குறையவில்லை. பிராக்டிஸில் ஒவ்வொரு முறை இறங்கியதும் பையன் ஸ்போக்கைச் சரிபார்த்தான். இதை இவ்வளவு விவரமாகச் சொல்லக் காரணம் உண்டு. சக்கரம் நேராகச் சுற்றுவது வேறு, அதன் நடுவில் இருக்கும் உலோகம் நல்ல உலோகமா என்பது வேறு. ஸ்போக் கட்டுவதில் கைதேர்ந்த ஒருவரால் எந்த மட்டமான ஹப்பையும் நேராக ஓட வைக்க முடியும். விற்பவர்களும் டயல் கேஜ் வீடியோவைத்தான் முதலில் அனுப்புகிறார்கள்.

உடைந்தது ஒரு டேபிள்டாப்பில் (உச்சி தட்டையான குதிமேட்டில்) இறங்கும்போது. நண்பன் போனில் எடுத்த வீடியோவில் தெளிவாக இருக்கிறது: மேட்டைத் தாண்டி, இறக்கச் சரிவில், பின் சக்கரம் முதலில் தொட்டு ஒழுங்காக இறங்குகிறான். பிரேக் பிடித்த நொடியில் சக்கரம் ஒரு பக்கமாகச் சுருண்டு மடங்குகிறது. ஆஸ்பத்திரியில் ஸ்லிங் போட்டுப் படுத்திருந்தவன் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "நான் ஒண்ணும் தப்பா இறங்கலைங்க சித்தப்பா." வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டி, உன்மேல் எந்தத் தப்பும் இல்லை என்று அவனை நம்ப வைக்கவே நேரம் பிடித்தது. ஓட்டுகிற பிள்ளைகள் பாகம் உடைந்தால்கூடத் தங்களைத்தான் குற்றம் சொல்லிக்கொள்கிறார்கள்.

ஹப்பைப் பட்டறைக்குக் கொண்டுவந்து மேஜையில் வைத்துப் பார்த்தேன். டிஸ்க் பக்கத்து விளிம்பில், ஸ்போக் துளை வரிசையோடு கிழிந்திருந்தது. முறிந்த முகம் சாம்பல் நிறத்தில் பொருபொருவென்று இருந்தது. நடுவில் கடுகளவு ப்ளோ ஹோல்கள், ஒன்றல்ல, கூட்டமாக. முழுக்கட்டியில் கடைந்த ஹப்பில் ப்ளோ ஹோல் எங்கிருந்து வரும்? உருக்கி ஊற்றும்போது காற்றோ வாயுவோ சிக்கினால்தான் வரும். துளைகளின் ஓரத்தையும் சேம்ஃபர் எடுக்காமல் கூராக விட்டிருந்தார்கள். ஸ்போக்கின் வளைவு சரியாக அந்தக் கூர் விளிம்பில்தான் உட்காரும். குதித்து இறங்கும் அடியும், பின் பிரேக்கின் முறுக்கும் அந்த இடத்தில்தான் சேர்கின்றன. விரிசல் அங்கேதான் தொடங்கியிருந்தது.

அப்புறம் பேரிங்கைத் தட்டி எடுத்தேன். இதைப் பார்த்ததும்தான் எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. பேரிங் உட்காரும் துளையின் உட்சுவரைச் சுற்றி வரிசையாக சென்டர் பஞ்ச் புள்ளிகள். துளையைப் பெரிதாகக் கடைந்துவிட்டார்கள், பேரிங் லூஸாக நின்றிருக்கிறது, பஞ்ச் வைத்துக் குத்தி மேடு எழுப்பிப் பிடிக்க வைத்திருக்கிறார்கள். பழைய மோட்டாரை அவசரத்துக்கு ஒரு நாள் ஓட்ட இந்த வேலையைச் செய்வார்கள், அதையும் வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வார்கள். ஆள் ஏறிப் பறக்கிற வண்டிக்கு இதைச் செய்து, மேலே சீல் போட்டு மூடி, பச்சை அனோடைஸ் பூசி விற்றிருக்கிறார்கள். ஆக, ஹப் அளவு தப்பிவிட்டது என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

ஒரு துண்டை வெட்டி, உலோகத்தில் எது எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் ஸ்பெக்ட்ரோ டெஸ்டுக்குக் கொடுத்தேன். பம்ப்செட்டும் ஃபவுண்டரியும் நிறைந்த ஊர் என்பதால் கோவையில் இந்த வசதிக்குக் குறைவில்லை. 7075 என்ற அலுமினியத்தில் துத்தநாகம் 5.1 முதல் 6.1 சதவீதம் இருக்க வேண்டும், மெக்னீசியம் 2.1 முதல் 2.9, செம்பு 1.2 முதல் 2, சிலிக்கான் அதிகபட்சம் 0.4 சதவீதம். எங்கள் ரிப்போர்ட்டில் சிலிக்கான் பத்து சதவீதத்துக்கு மேல். அது பம்ப் பாகமும் மோட்டார் மூடியும் வார்க்கிற வகை அலுமினியம். வார்ப்பட ஹப் என்றாலே மோசம் என்று நான் சொல்லவில்லை. கம்பெனி பைக்குகளில் நிறைய வார்ப்பட ஹப்கள் வருகின்றன, நல்ல கலவையில் வார்த்து, ஹீட் ட்ரீட்மெண்ட் செய்து, குறை இருப்பதைக் கழித்து அனுப்புவதால் வருஷக்கணக்கில் உழைக்கின்றன. இங்கே நடந்தது, மட்டமாக வார்த்ததை ஒசத்தியான பில்லட் என்று பொய் சொல்லி, அதற்குரிய விலையும் வாங்கியது.

ரிம்மும் அதே கதை. ஸ்டிக்கரை ஹீட் கன் வைத்து உரித்தேன். அடியில் எந்த எழுத்தும் இல்லாத வெறும் அலுமினியம். எக்செல், டி.ஐ.டி. போன்ற ஜப்பானிய ரிம் கம்பெனிகளின் ரிம்மில் பெயரும் அளவும், 21x1.60, 19x1.85 என்கிற மாதிரி, உலோகத்திலேயே குத்தியிருக்கும். ஸ்டிக்கர் அலங்காரத்துக்குத்தான், அதை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். ரிம் என்பது நீளமான அலுமினியச் சட்டத்தை வளையமாக வளைத்து, இரண்டு முனையையும் வெல்டு வைத்து ஒட்டுவது. நல்ல ரிம்மில் அந்த வெல்டைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். எங்களுடையதில் டயரைக் கழற்றி உள்பக்கம் விரலை ஓட்டினாலே தட்டுப்பட்டது. ஸ்போக்குகள் மட்டும் ஸ்டெயின்லெஸ்தான், அதில் பொய் இல்லை. (காந்தத்தை வைத்துப் பார்த்து ஸ்போக் போலி என்று முடிவு கட்டாதீர்கள். இழுத்து நீட்டிய ஸ்டெயின்லெஸ் கம்பியிலும் காந்தம் லேசாக ஒட்டும்.)

விற்றவரிடம் போட்டோ, வீடியோ, லேப் ரிப்போர்ட் எல்லாம் அனுப்பினேன். முதலில் "ஸ்போக் டைட் பண்ணாம ஓட்டியிருப்பீங்க சார்" என்றார். பஞ்ச் புள்ளி போட்டோவைக் காட்டியதும், "ரேஸிங் பார்ட்ஸுக்கு எங்கயுமே வாரண்டி கிடையாது சார்." வாரண்டியைப் பற்றி யார் கேட்டது? 7075 என்று சொல்லி வேறு உலோகத்தை ஏன் விற்றீர்கள் என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் இல்லை. பையனுக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்புறம் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். விளம்பரம் இன்னும் ஓடுகிறது.

சரி, குறைந்த செலவில் பாதுகாப்பாக எப்படி வாங்குவது? என் யோசனை இது: உங்கள் கம்பெனி ஹப்பைத் தூக்கிப் போடாதீர்கள். மோட்டோகிராஸில் அடி வாங்கிச் சாவது பெரும்பாலும் ரிம், அப்புறம் ஸ்போக். ஹப் அவ்வளவு சுலபத்தில் கெடாது. பேரிங் துளையும் ஸ்போக் துளைகளும் நன்றாக இருந்தால், பேரிங்கும் சீலும் புதுசாகப் போட்டு, நல்ல ரிம்மும் ஸ்போக் செட்டும் மட்டும் வாங்கிக் கட்டிக்கொள்ளலாம். முழு செட் விலையை விட இது குறையும், நடுப்பாகம் உங்களுக்குத் தெரிந்த பாகமாகவும் இருக்கும். ஹோண்டா சிஆர்எஃப்450ஆர் போன்ற பைக்குகள் கம்பெனியிலிருந்தே டி.ஐ.டி. ரிம்மோடு வருகின்றன. ஆகவே நல்ல பிராண்ட் ரிம் போடுவது கம்பெனித் தரத்திலிருந்து இறங்குவது ஆகாது. இப்போது பையனின் பைக்குக்கும் அப்படித்தான் கட்டியிருக்கிறோம். பழைய கேஎக்ஸ் ஹப், புது ரிம், புது ஸ்போக்.

ரிம் ஆர்டர் போடும்போது துளை எண்ணிக்கை மட்டும் பார்த்தால் போதாது, துளை குத்தியிருக்கும் சாய்வும் உங்கள் ஹப்புக்குப் பொருந்த வேண்டும். 36 துளை என்று வாங்கிவந்து நிப்பிள் கோணம் இழுத்துக்கொண்டு நின்றால், ஸ்போக் கழுத்தில் முறியும். அகலத்திலும் ஆசைப்படாதீர்கள். 250 சிசி பைக்குக்குப் பின்னால் பொதுவாக 1.85 அல்லது 1.90 அங்குலம், 450 சிசிக்கு 2.15. பெரிய பைக் மாதிரி இருக்கட்டும் என்று அகலமாகப் போட்டால் டயரின் வட்டமான முகம் தட்டையாகிவிடும், வளைவில் ஓரக் கட்டைகள் மண்ணைப் பிடிக்காது. 18 அங்குலப் பின் சக்கரம் எண்டியூரோ என்ற நெடுந்தூரக் காட்டுப்பாதைப் போட்டிக்கு. மோட்டோகிராஸுக்கு 19.

இரண்டாவது வழி, யாராவது கழற்றி வைத்த கம்பெனி சக்கரத்தை வாங்குவது. ரிம் கொஞ்சம் நெளிந்திருந்தால்கூடப் பரவாயில்லை, ஹப்புக்காக வாங்கலாம். ஆனால் டயரையும் பேரிங்கையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

முழு செட்டே வேண்டும் என்றால், டாலன், ஹான், எஸ்எம் ப்ரோ, வார்ப் 9, டஸ்க் என்று வெளிநாட்டில் பெயரெடுத்த பிராண்டுகள் இருக்கின்றன. ஹானும் டாலனும் விலை கூடியவை, டஸ்க்கும் வார்ப் 9-உம் பட்ஜெட் வகை. இறக்குமதிச் செலவு சேர்ந்தால் கை சுடும், அதை மறைக்கவில்லை. அந்தப் பெயரைச் சொல்லிப் பாதி விலைக்கு யாராவது கொடுத்தால் அங்கே நிதானமாக நில்லுங்கள். பேரிங் துளை உட்சுவரின் போட்டோ, டயர் இல்லாத ரிம்மின் உள்பக்க வெல்டு போட்டோ, உலோகத்தில் குத்திய எழுத்தின் போட்டோ என மூன்றையும் கேளுங்கள். தூரத்திலிருந்து எடுத்த பளபளா போட்டோவை மட்டும் அனுப்புகிறவருக்குப் பணம் அனுப்பாதீர்கள்.

ஹீரோ எக்ஸ்பல்ஸ் மாதிரி ரோட்டிலும் ஓட்டுகிற பைக் வைத்திருப்பவர்கள் இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். இருசக்கர ரிம்களுக்கு இந்தியாவில் ஐஎஸ் 16192 என்ற தரநிலை இருக்கிறது. ஐஎஸ்ஐ முத்திரையும் லைசென்ஸ் எண்ணும் இருந்தால், பிஐஎஸ் கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டு உண்மையா என்று பார்த்துக்கொள்ளலாம்.

புதிதாகக் கட்டிய சக்கரத்தில் ஸ்போக் உட்கார நேரம் எடுக்கும். முதல் நாள் சில சுற்று ஓட்டியதும் இறங்கிப் பாருங்கள், அப்புறம் ஒவ்வொரு பிராக்டிஸுக்குப் பிறகும் பாருங்கள். டயர் ரிம்மில் நழுவாமல் பிடிக்கும் ரிம் லாக்கை ஒட்டிய ஸ்போக்தான் முதலில் தளரும். முறுக்கும்போது எல்லாவற்றையும் வரிசையாக இறுக்காமல், இடைவெளி விட்டு, கால் சுற்றுக்கு மேல் போகாமல் இறுக்குங்கள். கூடவே டார்ச் அடித்து ஹப்பின் ஸ்போக் துளைகளைச் சுற்றிப் பாருங்கள். எங்களிடம் இருந்த அதே பச்சை ஹப் உங்களிடமும் இருந்தால், துளைகள் நன்றாகத் தெரிந்தாலும் அதில் குதிக்காதீர்கள். பேரிங்கைக் கழற்றி உள்ளே பஞ்ச் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எனக்குச் செய்தி அனுப்புங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்துவிட்டேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் அங்கே புகாருக்குக் கட்டணம் இல்லை, நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம். உரையாடல், யுபிஐ ரசீது, எஸ்டிமேட் துண்டு, லேப் ரிப்போர்ட், வீடியோ எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன். இதே ஆளிடம் வாங்கிய இன்னொருவரின் புகாரும் சேர்ந்தால், இது வாடிக்கையாக நடக்கிற ஏமாற்று என்று காட்ட முடியும். உடைந்த பாகத்தைத் திருப்பி அனுப்பினால் பணம் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அனுப்பிவிடாதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி.